தன் கையெழுத்தில் ஏறியவள்

...இல்லை, இது வெறும் அதிர்வுதான், இடது இஞ்சினும் வலது இஞ்சினும் ஒரே சுருதிக்கு வருவதற்கு முன் கொஞ்ச நேரம் இப்படித்தான் முறைத்துக்கொள்ளும், அவளுக்குத் தெரியாததா, காலையில் இவற்றின் மூடியைத் திறந்து பார்த்து மூடியவள் அவள்தானே, பதிவேட்டில் ஹந்த்சூரென் என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தானே, பிறகு ஏன் இருக்கையின் கைப்பிடியை உடும்பு மாதிரிப் பற்றியிருக்கிறாள்... கீழே உலான்பாதரின் புகைபோக்கிகள் தீக்குச்சிகளாகச் சிறுத்துவிட்டன. பதினாறு வருடமாக விமானங்களைப் பழுதுபார்க்கிறாள், ஒருநாள்கூட ஒன்றிலும் ஏறிப் பறந்ததில்லை. கம்பெனி ஊழியர்களுக்குத் தரும் இலவசச் சீட்டு ஒவ்வொரு வருடமும் மேசை இழுப்பறையில் கிடந்து காலாவதியாகும், அவளோ பாயன்ஹொங்கோரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போவாள். "சமைச்சவளே சாப்பிட மாட்டேங்கறா பாருங்க" என்பார்கள் பழுதுபார்க்கும் கொட்டகையில், "நீங்களே ஏறலைன்னா நாங்க எந்தத் தைரியத்துல ஏறுறது அக்கா?" அவளும் சிரித்துவைப்பாள். இன்று சிரித்துத் தப்ப வழியில்லை. கம்பெனியின் பெரிய அன்டோனோவ் விமானம் நேற்றிலிருந்து உலியாஸ்தாயில் தரையில் நிற்கிறது, இடது இஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் கருகிவிட்டது. நாற்பத்தொரு பயணிகள், அதில் ஒருவர் சிறுநீரகம் பழுதான ஆசிரியர், இன்றைக்குள் தலைநகர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்தாக வேண்டும். அந்த இஞ்சினில் கைவைத்துக் கையெழுத்துப் போட உரிமம் உள்ள இன்னொருவன் போன மாதம் கொரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மிச்சம் இருப்பது அவள் ஒருத்தி.

நடைவழியில் பட்டைபோட்டுக் கட்டிய மரப்பெட்டிக்குள் மாற்று ஸ்டார்ட்டர் இருந்தது, அவள் காலை நீட்டிப் பெட்டியைத் தொட்டுக்கொண்டாள், தெரிந்த ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்பதுபோல. இது இரண்டாவது அன்டோனோவிலிருந்து கழற்றியது, பாவம் அது, நான்கு வருடமாக ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தங்கை விமானத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது... கலூ, அதாவது காட்டு வாத்து, கம்பெனி என்றால் மொத்தமே இவ்வளவுதான், பறக்கும் அன்டோனோவ் ஒன்று, பறக்காதது ஒன்று, இப்போது அவள் உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது இருக்கை செக் நாட்டு விமானம். இதற்கும் முன்னால், அரசாங்கப் பண்ணைகள் கலைந்தபோது, வயல்களுக்கு மருந்து தெளித்த ஒரு விமானியும் அவருடைய மைத்துனரும் ஆட்டுமந்தையை விற்று வாங்கிய மேலும் கீழுமாக இரட்டைச் சிறகு வைத்த விமானங்கள் இரண்டு, சிறகுகள் துணியால் ஆனவை, துணி! வாலில் காட்டு வாத்து வரையச் சொன்னதற்குப் பெயிண்டர் கோழி மாதிரி ஒன்றை வரைந்துவிட்டார், அன்றிலிருந்து ஊர் முழுக்கக் கோழிக் கம்பெனி. ஆனால் அந்தக் கோழி எதையெல்லாம் சுமந்தது... தடுப்பூசி, வாக்குப்பெட்டி, மல்யுத்தவீரர்கள், கல்யாணப்பெண், தாயை இழந்த ஒட்டகக் குட்டி ஒன்று. புல்லில் இறங்கும், பனியில் சறுக்குக்கட்டை மாட்டி இறங்கும், முடிவெட்டும் கடைகூட இல்லாத ஊர்களின் வாசலில் இறங்கும். அதையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாளே தவிர, பார்த்ததில்லை. அவள் பார்த்தது அதன் வயிறு மட்டும், எண்ணெய் ஒழுகும் வயிறு, ஸ்பேனரோடு மல்லாந்து படுத்து.

"காதுல மாட்டிக்க" என்று விமானி தாவாசம்பு முன்னிருக்கையிலிருந்து திரும்பி ஒரு ஹெட்போனை நீட்டினார். நீட்டிய கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இல்லை. அவள் அதைப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளப் பழகியவள்... பதினான்கு வருடம். அந்த ஜனவரியில் இரட்டைச் சிறகு ஒன்றின் இஞ்சின் கணவாய்க்கு மேலே மூச்சை நிறுத்தியது, தாவாசம்பு அதைப் பனிச்சரிவில் வழுக்கி இறக்கினார், ஒன்பது பேரும் பிழைத்தார்கள், உதவி தேடி நடந்ததில் விரல்களைக் குளிர் தின்றுவிட்டது. காரணம் தெரியவில்லை என்று விசாரணை அறிக்கை முடிந்தது. எப்படித் தெரியும்? அன்று காலை, எச்சில்கூட உறையும் குளிரில், பெட்ரோல் வடிகட்டியின் மரையை இறுக்கியவள் அவள், இறுக்கியபின் அது தளராமல் இருக்கப் பூட்டுக்கம்பி முறுக்க வேண்டும், முறுக்கினாளா? முறுக்கியது அன்றா, அதற்கு முந்தின நாளா? விரல்கள் மரத்திருந்தன, விரல்களுக்கே ஞாபகம் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். அதற்கு முன் பறக்க வாய்ப்பு வரவில்லை, அதன்பிறகு வந்தபோதும் பறப்பதற்காக எந்த விமானத்தின் படியிலும் அவள் கால் வைக்கவில்லை.

"என்ன ஹந்தா, பயமா?"

"இல்லண்ணே." பிறகு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல், "அண்ணே, அந்தக் கணவாய்... அன்னிக்கு நான் பூட்டுக்கம்பி போட்டேனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

துணைவிமானி தெமூலென் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லிவிட்டோமே, எதற்குச் சொன்னோம், ஆகாயத்தில் வைத்தா சொல்வார்கள்...

"அடிப்பாவி" என்றார் தாவாசம்பு. "இதையா இத்தனை வருசம் வயித்துல வச்சிருந்த? அன்னிக்கு டேங்கிலேர்ந்து பெட்ரோல் வடிச்சுத் தண்ணி இருக்கான்னு நான் பாக்கவே இல்ல. அவசரம், வெளிச்சம் போறதுக்குள்ள போயிடணும்னு. தண்ணி உறைஞ்சு குழாய அடைச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டே நான் தூங்குறேன், எந்திரிக்கறேன். உன் முகத்தப் பாக்கறப்பெல்லாம், இவளுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு..."

"அப்போ யாரு தப்பு அண்ணே?"

"யாருக்குத் தெரியும்? அந்த வண்டிய உருக்கிச் சட்டி பண்ணியாச்சு. வலது பக்கம் பாரு, கேள்வி கேக்காத."

வலது பக்கம் பார்த்தாள். ஒத்கோன்தெங்கெர், ஊரே கும்பிடும் பனிமலை. மேகத்துக்குக் கீழே அல்ல, மேலே, மேகங்கள் அதன் இடுப்பில் கிடந்தன, வெள்ளை என்று இத்தனை நாள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம், பாலை, சுண்ணாம்பை, பெயிண்டை... தாவாசம்பு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், தெமூலென் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள், இவர்கள் வாரத்துக்கு மூன்று முறை இதன் முன்னால் போகிறார்கள், வாரத்துக்கு மூன்று முறை தொப்பியைக் கழற்றுகிறார்கள், கீழே வந்து தேநீர் குடிக்கும்போது ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? மலை அசையவில்லை, அவள்தான் அதைச் சுற்றி மெல்ல நகர்கிறாள், எதன்மேல் நின்று? கீழே ஒன்றுமே இல்லை. சிறகைப் பார்த்தாள், முனை கொஞ்சம் மேலே வளைந்திருந்தது, தரையில் நிற்கும்போது இப்படி வளையாது, பதினாறு வருடத்தில் எந்தச் சிறகும் வேலை செய்வதை அவள் பார்த்ததில்லை, அவை தூங்கும்போது மட்டுமே பார்த்திருக்கிறாள். ஆணிகள் வரிசை வரிசையாக வெயிலில் மின்னின. கைப்பிடியிலிருந்து கை எப்போது விலகியது என்று தெரியவில்லை... இன்று காலை டேங்கை வடித்துப் பார்த்தாரா இந்த மனிதர்? அவள் கேட்கவில்லை. அவரும் பூட்டுக்கம்பியைப் பற்றி இன்று கேட்கவில்லை. இப்படியேதான் இத்தனை வருடமும் இந்தக் கம்பெனி பறந்திருக்கிறது.

உலியாஸ்தாயில் காற்று கத்தியாய் இருந்தது. ஸ்டார்ட்டரை மாற்ற இரண்டரை மணி நேரம், கம்பிகளை முறுக்கினாள், ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினாள், தாவாசம்பு கீழே நின்று திருப்பி எண்ணினார். இடது இஞ்சின் இருமி, புகைவிட்டு, பிடித்துக்கொண்டது, அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். "ஹந்தா, நீ என்கூடத்தானே வர்ற? சின்னதுல சரக்கு ஏத்தணும், ஒரு மணி நேரம் ஆகும்" என்றார். தலையாட்டினாள். முதலில் ஆசிரியரைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள், முகம் வீங்கியிருந்தது, போகிறபோக்கில் அவளைப் பார்த்து நன்றி என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். மற்றவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. யார் பழுதுபார்த்தது, சரியாகப் பார்த்தார்களா, ஒருவர்கூடக் கேட்கவில்லை, மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு, தயிர்க்கட்டியைக் கடித்துக்கொண்டு, யாருடைய மாடு காணாமல்போனது என்று பேசிக்கொண்டு, நேற்று முழுக்க நகராமல் நின்ற இயந்திரத்துக்குள் வரிசையாக நுழைந்தார்கள்... எப்படி முடிகிறது இவர்களால்? தெரியாததாலா? தெரிந்தும்தானா?

"கொஞ்சம் பிடிங்கக்கா, ரெண்டு கையும் போதல" என்று ஒரு பெண் போர்வையில் சுற்றிய குழந்தையை அவள் கைகளில் திணித்துவிட்டு, இரண்டு பைகளோடு படியேறி உள்ளே மறைந்தாள். பெயர்கூடக் கேட்கவில்லை. கைகளில் இன்னும் கிரீஸ் இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, எதிர்பாராத கனம், நெற்றியில் கரியால் ஒரு கோடு. தூரத்தில் தாவாசம்பு கையை ஆட்டி ஏதோ கத்தினார், காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. குழந்தையைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம், கொடுப்பதற்குத்தான் ஏறுகிறேன், என்று சொல்லிக்கொண்டே அவள் மூன்றாவது படியில் கால் வைத்தாள், அது தனக்குத்தானே சொன்ன பொய் என்பது நான்காவது படியில் தெரிந்தது.