கூட்டி அள்ளிய இலை

பீடிக்கடை வாசலில் பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகக் காத்திருந்தார்கள். உள்ளே வேதமுத்து அண்ணாச்சி அவர்கள் சுற்றிவந்த பீடியை ஒவ்வொரு கட்டாகத் திருப்பிப் பார்த்து, பிடிக்காததை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளிய கட்டுக்குக் கூலி கிடையாது, திருப்பியும் தரமாட்டார். அது எங்கே போகிறது என்று கேட்டவளுக்கு மறுநாள் இலை கிடைக்காது. அதனால் யாரும் கேட்பதில்லை. எடை போட்டுத் தரும் இலைக்கு இத்தனை பீடி என்று கணக்கு வேறு உண்டு.

"இலை பத்தல அண்ணாச்சி. பாதி ஓட்டை," என்றாள் ஜெபக்கனி.

"ஒனக்கு மட்டும் எப்பவும் பத்தாது. சாரம்மாளுக்கும் இதே இலையத்தான் குடுக்கேன். அவ கணக்கா கொண்டாந்து வைக்கால்லா? இன்னொரு மட்டம் கொறஞ்சா ஒனக்கு இங்கன வேலை இல்ல, பாத்துக்கோ."

ஊரில் வேறு பீடிக்கடை இல்லை. ஜெபக்கனியின் புருஷன் வள்ளியூர்ச் சந்தையில் மூட்டை தூக்கப் போய், இடுப்பு பிடித்துப் பங்குனியிலிருந்து பாயோடு கிடந்தான். இவள் பீடி சுற்றினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஆனாலும் அன்றைக்கு அவளை அதிகம் சுட்டது அந்த மிரட்டல் அல்ல, சாரம்மாள் என்ற பெயர்தான்.

சாரம்மாள் பிள்ளையில்லாத விதவை. சனிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து சாட்சி சொல்லுவாள். "இந்த வாரமும் இலை கொறஞ்சுது. கர்த்தர் நெரப்பித் தந்தாரு. கைவிட மாட்டேன்னு சொன்னவரு கைவிடல." பெண்களெல்லாம் அல்லேலூயா சொல்லுவார்கள். ஜெபக்கனியும் சொல்லுவாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

தான் என்ன குறை வைத்தோம் என்று அவளுக்கு விளங்கவேயில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம். உலை வைக்கும்போதெல்லாம், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துப் போட்டாள். பாட்டு அவள் பாடினால் கடைசி பெஞ்சுவரை கேட்கும். சாரம்மாளுக்கு ராகமே வராது. ஒரே கோயில், ஒரே வாக்குத்தத்தம், ஒரே சாக்கு இலை. அவளுக்கு மட்டும் நிறைகிறது என்றால், ஆண்டவரும் ஆள் பார்த்துத்தான் செய்கிறார். இப்படி நினைத்த உடனே பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். மறுபடியும் அதையே நினைத்தாள்.

ஒருநாள் இலை வெட்டும் கத்தரியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள். கடையில் சாரம்மாள் தனியாகத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எடை போடும்போது உதிர்ந்த கிழிசல் இலைகளைக் குப்பையிலிருந்து பொறுக்கித் தட்டி, முந்தானையில் சேர்த்தாள்.

"இதுதானாக்கா ஒங்க அற்புதம்?"

சாரம்மாள் திடுக்கிடவில்லை. சிரித்தாள். "அண்ணாச்சி கூட்டுன்னாரு, கூட்டுதேன். கூலி கேக்கல. கிழிஞ்ச இலைய எடுத்துக்கிடட்டுமான்னேன், குப்பைதானேன்னாரு. வனாந்தரத்துல கர்த்தர் பசிக்குத் தந்த மன்னா கீழதானட்டி விழுந்துச்சு? நீயும் வா. ரெண்டுபேருமாப் பொறக்குவோம்."

ஜெபக்கனி மட்டும் அன்றைக்குக் குனிந்திருந்தால் அவள் கணக்கும் நேராகியிருக்கும். சாரம்மாள் கூப்பிட்டு, அவள் கையால் வாங்குவதா? அதை நாளைக்குச் சாட்சியில் வேறு சொல்லுவாள். கத்தரியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நேரே அண்ணாச்சி வீட்டுக்குத்தான் போனாள்.

"அவளுக்கு மட்டும் என்ன அண்ணாச்சி தனிச் சலுகை? கூட்டுத வேலைய எல்லாருக்கும் முறை வச்சுக் குடுங்க."

அண்ணாச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "குப்பையில அம்புட்டு இலையா கெடக்கு?"

"ஒரு நாளைக்கு ஒரு சொளவு நெறையத் தேறும் அண்ணாச்சி," என்றாள், தானே கண்டுபிடித்த பெருமையில்.

திங்கட்கிழமை போனபோது தராசுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெறுஞ்சாக்கு நின்றது.

"கீழ விழுத இலையும் கடை இலைதான்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார் அண்ணாச்சி. "பத்தாதவுக எடை போட்டு வாங்கிக்கிடுங்க. கூலியில பிடிச்சுக்கிடுதேன். சாரம்மா, நீ எப்பவும்போலக் கூட்டி இதுல தட்டிரு. ஊழியமா நெனச்சுக்கோ."

"சரி அண்ணாச்சி," என்றாள் சாரம்மாள். யார் போய்ச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கூட்டினாள், பொறுக்கினாள், தூசி தட்டி அத்தனையையும் சாக்கில் போட்டாள். பிறகு, அதையே விலைக்கு வாங்க வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

ஜெபக்கனி தன் பங்கை எடை போட்டு வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். சாரம்மாளின் கண் கலங்குவதைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆண்டவரைக் குறைத்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து விழ வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் போதும், இன்றைக்கு நிம்மதியாகப் படுப்பாள்.

சாரம்மாளின் முறை வந்தது. அண்ணாச்சி தட்டில் இலையை வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், உதடு அசைந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிப்பதுபோல அவள் முகம் அமைதியாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஜெபக்கனிக்கு வயிறு எரிந்தது. இவ்வளவுக்கும் பிறகு நன்றி சொல்ல இவளுக்கு எங்கிருந்து வருகிறது?

தராசு முள் நேராக நின்றது. அண்ணாச்சி தட்டிலிருந்து பைய ஒரு கை இலையை அள்ளிச் சாக்கில் போட்டார். நிமிர்ந்தபோது ஜெபக்கனி பார்ப்பதைக் கண்டார். ஜெபக்கனி வாய் திறக்கவில்லை.

சாரம்மாள் கண்ணைத் திறந்தாள். "தோத்திரம் அண்ணாச்சி," என்று சொல்லி முந்தானையை விரித்தாள்.