கொடுக்கிற நிமிடம்

பதினைந்து இலவசச் சுற்றுகள் விழுந்தபோது மணி மதியம் இரண்டு முப்பத்தெட்டு. என் இடது கையில் போன், வலது கையில் நகப்பூச்சுத் தூரிகை. எதிரே நாற்காலியில் தைனாரா, தலை முழுக்க முடி வெளுக்கும் மருந்து தடவின அலுமினியத் தாள் மடிப்புகளோடு, கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்குக் கல்யாணம். திரையில் தங்கத் தவளை வாயைப் பிளந்து காசு காசாகத் துப்ப ஆரம்பித்தது. நான் தூரிகையைக் குப்பிக்குள் போட்டுவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இதைச் சொன்னால் எங்கள் ஊர் கருவாருவில் என்னைத் தெரிந்தவர்கள் நம்பவே மாட்டார்கள். நம்ம சுலெய்டியா? போய்யா என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் சந்தை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மிருக லாட்டரிச் சீட்டு எழுதினவள் நான். கனவில் பாம்பு வந்தால் பாம்பு மேல் காசு கட்டுவார்கள். மாமியார் வந்தாலும் பாம்புதான். கட்டினவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், கட்ட வைத்த முதலாளியின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். முதலாளி ஒருநாளும் தன் காசில் ஒரு சீட்டு வாங்கினதில்லை. எனக்கு அது ஒன்றே போதுமான பாடமாக இருந்தது.

அதனால் எல்லாரும் போனில் காசு கட்டித் தவளையைச் சுற்ற ஆரம்பித்தபோது நானும் சுற்றினேன், ஆனால் என் கணக்கில். வெள்ளிக்கிழமை, பத்து ரெயால், ஒரு சுற்றுக்கு நாற்பது சென்ட்டாவோ. இருபத்தைந்து சுற்று, அதோடு சரி. அதற்கு மேல் அந்த வாரம் என்னிடமிருந்து வாங்காதே என்று அந்த ஆப்பிலேயே வரம்பு போட்டு வைத்திருக்கிறேன். பத்து ரெயால் போனால் கோழிக்கறி அடைத்துப் பொரித்த ஒரு பெரிய கொஷீஞ்ஞாவும் கரும்புச் சாறும் தின்றதாக நினைத்துக்கொள்வேன். கொஷீஞ்ஞா தின்றால் வயிறாவது நிறையும் என்று என் சிநேகிதி கில்வானியா சொல்வாள். அவள் சொல்வதும் சரிதான்.

விளையாட்டின் மூலையில் ஒரு சின்னக் கேள்விக்குறி இருக்கும். யாரும் தொடுவதில்லை. நான் தொட்டுப் படித்தவள். நூறு போட்டால் தொண்ணூற்றாறு திரும்பும் என்று அதில் எழுதியிருக்கும். உனக்குத் திரும்பும் என்று எழுதவில்லை. ஊரில் உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் கோடிக்கணக்கான சுற்றுச் சுற்றினபிறகு, எல்லாரும் போட்டதில் அவ்வளவு திரும்பும். அதில் உன் பங்கு பூஜ்யமாகவும் இருக்கலாம். பொத்தானை அழுத்தின நொடியிலேயே முடிவு வந்துவிடுகிறது. படங்கள் உருளுவதும் நிற்பதும் அப்புறம் காட்டுகிற கூத்து. இரண்டு தவளை நின்று மூன்றாவது மயிரிழையில் நழுவும்போது நம் விரல் தானாக மறுபடி பொத்தானுக்குப் போகும் பாருங்கள், அதற்காகத்தான் அந்தக் கூத்தே. போன சுற்று என்ன ஆயிற்று என்று அந்த இயந்திரத்துக்கு நினைவே கிடையாது. நாம்தான் நினைவு வைத்துக்கொண்டு சாகிறோம்.

கில்வானியா செத்துப் பிழைத்தவள். இந்த அழகு நிலையம் அவளுடையது, நான் நகம் பார்க்கிறவள், ஒன்பது வருஷச் சிநேகிதம். தவளை முதலில் அவளுடைய முடி உலர்த்தும் பெரிய இயந்திரத்தைத் தின்றது, பிறகு இரண்டாவது நாற்காலியை, பிறகு மோட்டார் சைக்கிளை. கேட்டவர்களிடமெல்லாம் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாள். இருபத்துமூன்று நாளுக்கு முன்னால் நான் அவளைக் காலையிலேயே உட்காரவைத்து, அவள் கையாலேயே அவள் அடையாள எண்ணை அடிக்கச் சொல்லி, ஆறு மாதத்துக்கு எந்தச் சூதாட்ட ஆப்பும் அவளை உள்ளே விடாதபடி பூட்டினேன். அன்று அவள் என் மடியில் முகம் வைத்து அழுதாள். இனி ஒருதரம் விழுந்தால் கடையும் போகும், அதுவும் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கண்ணெதிரே நான் போனைக் கையில் எடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தவளைச் சத்தம் அவள் காதில் விழவே கூடாது என்பது என் பொறுப்பு.

அந்த வெள்ளிக்கிழமை நிறம் சமன் செய்யும் திரவம் தீர்ந்துவிட்டது. கில்வானியா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அக்கா, ரெண்டு நாப்பதுக்கு அலசிடு. ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது. ஏற்கெனவே மருந்து போட்டு நேராக்கின முடி, தாங்காது."

"போடி, எனக்கு மணி பாக்கத் தெரியும்."

அவள் தெருமுனை திரும்பினதும் நான் என் பத்து ரெயாலை எடுத்தேன். வாசல் பக்கத்து சோபாவில் தைனாராவின் அம்மா லிந்தால்வா, எங்களுக்கு மரியாதையாக டோனா லிந்தால்வா, காலை நீட்டி உட்கார்ந்து, அவளும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள்.

"சுலெய்டி, இன்னைக்கு ரெண்டு நாப்பதுலேருந்து நாப்பத்தேழு வரைக்கும் குடுக்குமாம். குரூப்புல போட்டிருக்காங்க."

எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை தவளை வாரிக் கொடுக்கும் என்று தினமும் பட்டியல் வரும். பள்ளிக்கூடத்துச் சமையற்காரியும் பேருந்து ஓட்டுகிறவனும் அந்த நிமிடத்துக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

"குடுக்குற நேரம் அவனுக்குத் தெரிஞ்சா, அவன் எதுக்கு, டோனா, குரூப் நடத்திட்டு மாரடிக்கிறான்? அவனே போய் அள்ளிக்க வேண்டியதுதானே?"

"உன் வாயிக்கு ஒரு பூட்டு போடணும்டி," என்றாள் லிந்தால்வா, நாற்பது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டே.

நான் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் எனக்கு மூன்று தவளை வரிசையாக வந்து நின்றன. பதினைந்து சுற்று, காசில்லாமல். மாதாவே, ஒன்றரை வருஷத்தில் எனக்கு ஒருதரம்கூட அது விழுந்ததில்லை. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நடுவில் மறுபடியும் மூன்று தவளை, இன்னும் பத்துச் சுற்று. அப்புறம் இன்னும் பத்து. அந்த விளையாட்டு திரை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. மேல் மூலையில் மணி காட்டுகிற எண்களைக்கூட மறைத்துவிடுகிறது. அது தற்செயல் என்று யாரும் என்னிடம் சொல்ல வராதீர்கள்.

"அக்கா, கழுத்துக்கிட்ட எரியுது," என்றாள் தைனாரா, கண்ணைத் திறக்காமல்.

"பொறு கண்ணு, மருந்து புடிக்குதுன்னு அர்த்தம்."

அதைச் சொன்னது நான்தான். இப்போதும் என் காதில் என் குரல் கேட்கிறது, எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் என்று நினைத்தால் என்னையே ஓங்கி அறையத் தோன்றுகிறது.

கில்வானியா உள்ளே நுழைந்தபோது மணி இரண்டு ஐம்பத்தாறு. அவள் பையைக் கீழே போட்ட சத்தத்தில்தான் நான் நிமிர்ந்தேன். போனை அப்படியே கவிழ்த்து ஏப்ரன் பைக்குள் தள்ளினேன். அவள் தைனாராவை இழுத்துப்போய்த் தொட்டியில் சாய்த்துத் தாள்களைப் பிரித்தாள். முன்பக்கம் தப்பித்திருந்தது. பின்கழுத்தில் பிரித்த மூன்று தாளோடும் முடி சேர்ந்தே வந்தது, ஈர நூடுல்ஸ் மாதிரி, இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

தைனாரா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். அழுகை உடனே வரவில்லை. வந்தபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

லிந்தால்வா சோபாவிலிருந்து எழுந்து நேராகக் கில்வானியாவிடம் போனாள். "போயிட்டியாடி? மறுபடியும் தவளை பாக்கப் போயிட்டியா? வண்டியத் தின்ன, நாக்காலியத் தின்ன, இப்ப எம்பொண்ணு முடியவும் தின்னுட்டியே! கல்யாணத்துக்கு முத நாளு! நீ நல்லாருப்பியா?"

கில்வானியா தைனாராவின் தோளில் துண்டைப் போட்டாள். கீழே கிடந்த பையிலிருந்து திரவக் குப்பி உருண்டு வந்திருந்தது, கடைக்குத்தான் போனாள் என்பதற்குச் சாட்சியாக. அவள் அதை எடுத்துக் காட்டவில்லை. இரண்டு வருஷம் பொய் சொன்னவள் உண்மையைச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. நானும் சொல்லிவிடுகிறேன்: ஒரு அரை நிமிடம் நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே இருந்தால் ஊரே நம்பும். அந்தக் கணக்கை நான் போட்டேன், பொய் இல்லை.

பிறகு கில்வானியா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. அதைத் தாங்க முடியவில்லை.

"அவள விடுங்க டோனா. அவ கடைக்குத்தான் போனா. விளையாண்டது நான். நாப்பதுக்கு அலசச் சொல்லிட்டுத்தான் போனா."

"நீயா?" லிந்தால்வாவுக்கு வாய் திறந்தபடியே நின்றது. "பத்து ரெயாலுக்கு மேல ஒத்தக் காசு போடாதவ நீ!"

"போடல. இலவசச் சுத்து விழுந்துது. நேரம் போனது தெரியல."

அவள் என்னை அடிக்கட்டும் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணில் வேறொன்று வந்தது.

"எத்தன மணிக்கு விழுந்துச்சு?"

"டோனா..."

"சொல்லுடி. எத்தன மணிக்கு?"

"முப்பத்தெட்டு."

"பாத்தியா!" அவள் கையைத் தட்டினாள். "ரெண்டு நிமிஷம் முன்னாடியே தொடங்கியிருக்கு! நான் சரியா நாப்பதுக்குத் தொடங்கி அறுவது ரெயாலத் தொலைச்சேன்!"

"அம்மா! என் தலையப் பாரும்மா!" என்று கத்தினாள் தைனாரா.

எங்கள் லாட்டரி முதலாளி அந்தக் காலத்தில் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார். யாருக்காவது விழுந்தால் பேரையும் தொகையையும் சந்தை முழுக்கக் கேட்கிறமாதிரி கத்து, தோற்றவர்களைப் பற்றி மூச்சு விடாதே. ஒருத்திக்கு விழுந்தது தெரிந்தால் மறுநாள் நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். நான் நல்ல தொண்டைக்காரி என்று பேர் வாங்கினவள். இப்போது ஒரு சம்பளமும் இல்லாமல் அதே வேலையைச் செய்துவிட்டேன், அதுவும் கில்வானியா கேட்க.

கில்வானியா கத்தரியை எடுத்தாள். அதை எடுத்ததும் அவள் வேறு ஆள். தைனாராவின் தாடையைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

"அழுகைய நிறுத்து. காது வரைக்கும் வெட்டுறேன். உனக்குக் கழுத்து நீளம், இதுக்கு முன்னாடி யாரும் அதக் காட்டவே விடல. நாளைக்கு உன் மாப்பிள்ளை பாதிரியாரப் பாக்க மாட்டான்."

"பொய்."

"முடி விஷயத்துல நான் பொய் சொன்னதில்ல."

அது நிஜம். முக்கால் மணி நேரத்தில் அந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். தைனாரா தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பூவை இந்தப் பக்கம் வைக்கலாமா என்று கேட்டாள். முகத்திரை வைத்துத் தைத்த சீப்பு இனி நிற்காது, தையற்காரியிடம் சொல்ல வேண்டும் என்று லிந்தால்வா போனோடு வாசலுக்குப் போனாள். போகிறபோது தையற்காரியைத்தான் கூப்பிட்டாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நான் மூலையில் நின்று என் வரம்புப் பக்கத்தைத் திறந்தேன், ஒலியை முதலில் அணைத்துவிட்டு. காசுக்கு வரம்பு போட்டிருந்தேன் இல்லையா, அதற்கு நேர் கீழேயே நேரத்துக்கு வரம்பு என்று இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. ஒன்றரை வருஷமாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அது தலைகால் தெரியாமல் விழுகிறவர்களுக்கு, எனக்கெதற்கு என்று. அதற்கும் கீழே பூட்டு. அதை அழுத்தினேன். கணக்கில் இருநூற்று எண்பத்தாறு ரெயால் இருக்கிறது, எடுத்துக்கொண்டு மூடுகிறீர்களா என்று கேட்டது. அந்தக் காசு தைனாராவுக்குப் போகிறது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்து, எடுக்கச் சொல்லி அழுத்தினேன். நாளைக்குள் வந்துவிடும் என்றது. போனைப் பைக்குள் போட்டேன்.

கில்வானியா தைனாராவின் பின்கழுத்தில் குனிந்து கடைசி ஓரத்தைச் சீர்செய்துகொண்டிருந்தாள். தைனாரா மறுபடியும் காதில் பாட்டை மாட்டியிருந்தாள்.

"அக்கா."

"என்னடி."

"எவ்வளவு குடுத்துச்சு?"

மெல்லிய குரல், என்ன சமைத்தாய் என்று கேட்கிற மாதிரி. ஒன்றுமில்லை என்று பொய் சொல்லலாம், நம்ப மாட்டாள். நிஜத்தைச் சொல்லலாம், அந்த எண்ணோடுதான் இன்று வீட்டுக்குப் போவாள்.

"கீழ கெடக்குது பாரு," என்றேன், தரையில் கிடந்த முடியைக் காட்டி. "அவ்வளவுதான் குடுத்துச்சு."

அவள் தரையைப் பார்க்கவில்லை. கத்தரி ஒரு கற்றையின் இரண்டு பக்கமும் திறந்தபடியே நின்றது, மூடவில்லை. கண்ணாடிக்குள் அவள் கண், போன் கிடந்த என் ஏப்ரன் பையின் மேல் இருந்தது.