பூஜ்யத்துக்குக் கீழே

அக்கா எழுதிய திருத்தம் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் தங்கை அதை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். தலையில் அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு அக்கா எழுதிய முதல் நிரல் அது. எதிர் மேசையில், காதுவரை இறக்கிய கம்பளித் தொப்பியோடு, பேனாவை உருட்டியபடி உட்கார்ந்திருந்தாள் அவள்.

"என்னடி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறியா?"

"உன் கோட் ஆச்சே. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்கணும்ல."

"பாரு, பாரு. பாஸாயிட்டா டீ என் செலவு."

காலையில் மேலாளர் கதவைச் சாத்திவிட்டுத் தங்கையிடம் சொல்லியிருந்தார். "நீங்களே பாருங்க. சரியா இருந்தா உங்க அக்கா பழைய இடத்துக்கே வரட்டும். இல்லைன்னா லேசான வேலை ஏதாவது குடுப்போம்." அது அக்காவுக்கும் தெரியும்.

காரியம் சின்னதுதான். இன்னொரு கணினியின் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஒரு நிரல், கணினியை நடத்தும் இயங்குதளத்திடம் சொல்லும். அந்த எண் ஒழுங்கானதா என்று இயங்குதளம் வாசலிலேயே பார்த்துவிட வேண்டும். பூஜ்யம் என்றால், பதில் வரும்வரை காத்திரு என்று பொருள். மைனஸ் என்றால், பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும். அக்கா இரண்டையும் ஒரே வரியில் போட்டிருந்தாள்: பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால், காத்திரு.

புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற தவறு. அக்கா செய்யமாட்டாள். தானே தட்டிச் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த முறை? வீட்டில் அக்கா குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்பதுபோல, இங்கே ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நின்றுகொண்டிருக்க முடியுமா? தங்கை குறிப்பு எழுதி அனுப்பினாள். 'மைனஸ் வந்தால் என்ன ஆகும்?' அதற்குமேல் எழுத வரவில்லை.

அக்கா படித்தாள். உருண்டுகொண்டிருந்த பேனா நின்றது.

"நீயே திருத்தியிருக்கலாமே."

"திருத்தியிருக்கலாம்."

"அப்புறம் ஏன்?"

தங்கை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சரி, வா. ஓட்டிப் பார்ப்போம்."

தங்கை போய் அருகில் உட்கார்ந்ததும், மைனஸ் ஒன்று கொடுத்து ஓட்டினாள் அக்கா. பிழை என்று எதுவும் வரவில்லை; நிரல் காத்துக்கொண்டே இருந்தது. கறுப்புத் திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது.

"நிறுத்தட்டுமா?" தங்கை கையை நீட்டினாள்.

"கையை எடு. நானே நிறுத்துறேன்."

ஓடுகிற நிரலை நிறுத்த, இடது ஓரத்தில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும்; வருஷக்கணக்காக அக்காவின் கைக்குப் பழகியது அது. அக்காவின் விரல்கள் விசைகளின்மேல் வந்தன. இடப்பக்கம் நகர்ந்தன. தயங்கின. மறுபடி நடுவுக்கு வந்து நின்றன. தங்கை தன் இரண்டு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டாள்.