பதினாலரை வோல்ட்

“லைட்ட அணைக்காம எறங்கியிருப்ப மக்கா. அன்னைக்கும் அதாக்கும், இன்னைக்கும் அதாக்கும்,” என்றார் பட்டறைக்காரர் சுந்தரதாஸ், பானெட்டைத் திறக்காமலே.

அன்றைக்கு என்றால் நான்கு மாதம் முன்பு. அகிலேஷின் மனைவி சுமிக்கு மூச்சு முட்டிய காலை. சாவியைத் திருப்பினால் கார் முனகக்கூட இல்லை. வெள்ளறடையிலிருந்து ஆட்டோ வருவதற்குள் அவள் போய்விட்டாள். லைட்டை அணைக்காமல் பேட்டரி இறங்கிவிட்டதென்று சுந்தரதாஸ் சொன்னார். சுமியின் அம்மா ஸ்ரீகுமாரி நம்பினாள்; மருமகனிடம் அதற்குப் பிறகு ஒரு பேச்சில்லை. அகிலேஷும் நம்பினான்.

அன்று போட்ட புதுப் பேட்டரியும் இப்போது படுத்துவிட, காரைப் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்திருந்தான். ஆனால் இந்த நான்கு மாதத்தில் அவன் காரை எடுத்ததே சில தடவைதான்; அப்போதும் லைட்டை மூன்று தடவை பார்க்காமல் இறங்கியதில்லை.

பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்து, கேபிளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தான்.

“எலே, காருக்கு ஈசிஜி எடுக்கியா?” சுந்தரதாஸ் சிரித்தார்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி பதினாலு வோல்ட்டாவது காட்ட வேண்டும். காட்டியது பன்னிரண்டு. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் முனையில் வைத்தான். பதினாலரை.

“கரண்டு உண்டாவுது. பேட்டரிக்குப் போவல்ல. எங்க போச்சு?”

சுந்தரதாஸ் சிரிப்பை நிறுத்தினார்.

எஞ்சினை அணைத்து, பேட்டரியைத் துண்டித்து, ஆல்டர்னேட்டர் முனையின் நட்டைக் கழற்றினான். கேபிள் வளையத்துக்கு அடியில் பளபளவென்று மஞ்சள் பூச்சு. அவனுக்குக் கடலோரக் கோட்டுகாலில் வேலை. கடல்காற்றில் துரு பிடிக்கக் கூடாதென்று சுந்தரதாஸ் எஞ்சின் முழுக்க அடித்துக் கொடுத்தது. முனையையும் விடாமல் அடித்து, அதன்மேலேயே கேபிளை மாட்டியிருக்கிறார். சுமி போவதற்கு இரண்டு வாரம் முன்பு.

“சுரண்டி மாட்டித் தாறேன் மக்கா. பைசா வேண்டாம்.”

“பைசாவா?” அகிலேஷின் குரல் தகரக் கூரையில் மோதியது. “லைட்டு எரிஞ்சத நீரு கண்டீரா?”

“காணல்ல. எல்லாவனும் செய்யுறதுதானே, அதான் சொன்னேன்.”

“சும்மா சொன்னீரு! நாலு மாசமா நாந்தான் கொன்னேன்னு கெடக்கேன். இத சுமிக்க அம்மைகிட்ட நீரே சொல்லணும்.”

“போன்ல விளிச்சு...”

“மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும்.”

அகிலேஷே முனையைச் சுரண்டி, கேபிளை இறுக்கி, பேட்டரியை மாட்டி, மறுபடி பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்தான். பேட்டரியில் மீட்டர் பதினாலைத் தாண்டியது. முன்கதவைத் திறந்து பிடித்தான். சுந்தரதாஸ் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“துடைச்சது போதும். ஏறும்.”

ஏறினார். பெல்ட்டைத் தேடிக்கொண்டே கேட்டார். “அம்மை அடிக்குமோ?”

“அடிக்கட்டும்,” என்று அகிலேஷ் கியரைப் போட்டான்.