இடது கைக்கு ஒரு துப்பாக்கி

வெர்னா அந்தப் புதுத் துப்பாக்கியை எடுத்து, கடையின் கூரை மூலையைக் குறிபார்த்து, தோளில் வைத்தாள். இடது தோளில். சுட்டதாக மனதுக்குள் பாவித்துக்கொண்டு அடுத்த தோட்டாவுக்காகக் கைப்பிடியை இழுக்கப் போனபோது, அவளுடைய இடது கை அதுபாட்டுக்குத் துப்பாக்கியின் தலைக்கு மேலே ஏறி, வலது பக்கம் இறங்கி, வெறும் காற்றைப் பிடித்தது. கைப்பிடி இடது பக்கத்திலேயே, அவள் கட்டைவிரலுக்கு அருகிலேயே இருந்தது. இது இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த துப்பாக்கி.

"அங்க இல்லம்மா, இந்தப் பக்கம்," என்றாள் டோரீன், கல்லாவுக்குப் பின்னாலிருந்து. அவளுடைய பேத்திகள் இருவரும் வெர்னா ஓட்டும் பள்ளிப் பேருந்தில் போகிறவர்கள். அந்த உரிமையில் எதையும் கேட்பாள். "போன வாரமும் அங்கதான் தேடுன. அதுக்கு முந்துன வாரமும்."

"பழக்கம்."

"பழக்கத்தை மாத்தத்தான இது?"

வெர்னா துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினாள். பிறவியிலேயே இடதுகைக்காரி. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து போன சீசன் வரை அவள் மான் வேட்டைக்குத் தூக்கிப்போனது கணவன் ராய்ஸின் அப்பா வைத்திருந்த வலதுகைத் துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் கையைக் குறுக்கே கொண்டுபோய் எட்டி இழுக்க வேண்டும். அதற்குள் மான் அடுத்த மலைக்குப் போய்விடும். பிரிந்து வந்தபோது அதை அவளாகவே துடைத்து எண்ணெய் போட்டு, "இது உங்க வீட்டுச் சொத்து" என்று ராய்ஸின் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது கல்யாணத்தோடு வந்த பழக்கம். இது எதுவரை வரும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

"ராய்ஸே ஒரு துப்பாக்கி கட்டித் தர்றேன்னு சொன்னானாமே?" என்றாள் டோரீன், வேறெதையோ பார்ப்பது போல.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல?" டோரீன் துப்பாக்கியை வாங்கிச் சட்டத்தில் சாத்தினாள். "இடதுகைக்கு என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். சீசன் நெருங்குது. வேற யாராவது இடதுகைக்காரன் வந்து பணத்தை வெச்சான்னா குடுத்துடுவேன், அப்புறம் என்னைத் திட்டாத."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெர்னா வெளியே வந்தாள். யோசிப்பதாகத்தான் அவளும் நினைத்தாள். உண்மையில், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினதும் தலைக்குள் ஒன்றுமே இருக்காது. மதில்மேல் பூனை போல மனம் சும்மா உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் குதித்தாலும் வலிக்கும் என்று மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது.

ஊரில் இந்த மணமுறிவைச் சட்டை வால் விவகாரம் என்றே சொல்வார்கள். பென்சில்வேனியாவின் இந்த மலைப்பக்கத்தில், மானைக் குறிதவறினவரின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரெழுதி, வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணியடிப்பது வழக்கம். வெர்னாவின் அப்பா கட்டிய குடிசையின் சுவரில் எல்லோருடைய துணியும் உண்டு, அவளுடையதுதான் அதிகம். போன வருஷம் ஓடைக்கரையில் நின்ற ஒரு பெரிய ஆண் மான் முதல் குண்டு தவறியும் ஓடாமல், என்ன சத்தம் என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கை குறுக்கே போய்த் திரும்பி வருவதற்குள் அதற்குப் புத்தி வந்துவிட்டது. அன்று சட்டையை அறுக்கும்போது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ராய்ஸ், வருஷாவருஷம் சொல்வதைச் சொன்னான்: "அடுத்த வருஷம் உனக்குன்னே ஒண்ணு கட்டித் தர்றேன், வெர்ன்." அவன் வெறும் வாய்ப்பந்தல் போடுகிறவன் அல்ல. சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் தோளில் இருப்பது அவன் கைப்பட்ட துப்பாக்கி. முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் கை நீளம் அளந்து கட்டித்தருவான். வீட்டுக்காரிக்குத்தான் அடுத்த வருஷம். ஜனவரியில் அவள் பெட்டியைக் கட்டினாள். ஒரு முழத் துணிக்காகவா என்று ஊர் கேட்டது. துணிக்காக இல்லை என்று எப்படி விளக்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. சில நாள், துணிக்காகத்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

பள்ளி திறந்த சமயத்தில் பெட்ரோல் போடும் இடத்தில் ராய்ஸ் எதிர்ப்பட்டான். விவாகரத்துக் கையெழுத்தெல்லாம் ஆகி முடிந்த பிறகு. குழாய்க்கு அந்தப் பக்கம் நின்றபடி, தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னான்: "இடதுகைத் துப்பாக்கிக்கான இரும்பு பாகம் ஒண்ணு என்கிட்ட இருக்கு, அது உனக்கே தெரியும். வால்நட் கட்டையும் இருக்கு. நீயே கட்டிக்கோ. பெஞ்ச் உனக்கு. நான் வாயே திறக்க மாட்டேன்."

அன்றிலிருந்துதான் இந்த அவஸ்தை.

குடிசைக்கு விறகு பிளக்கப் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எம்மெட் நேரடியாகவே கேட்டான். "சீசனுக்குக் குடிசைல படுக்கை ஒதுக்கணும். ராய்ஸ் வர்றானா இல்லியா?"

"அதை அவன்கிட்ட கேளு."

"கேட்டேன். உன்கிட்ட கேக்கச் சொல்றான்."

அண்ணன் மனைவி ஜோலீன் பீட்ரூட்டில் ஊறிய முட்டை ஜாடியைத் திறந்து ஒன்றை எடுத்து வெர்னாவிடம் நீட்டினாள். "இதுல என்னடி குழப்பம்? அவன்கூட கட்டின துப்பாக்கியோட வந்தா, அவனும் வர்றான்னு அர்த்தம். கடைத் துப்பாக்கியோட வந்தா, அவன் வரலைன்னு அர்த்தம்."

"துப்பாக்கி துப்பாக்கிதான், ஜோலீன். அதுல ஒரு அர்த்தமும் கிடையாது."

"அப்ப எதுக்குக் கடைக்குப் போய்ப் போய் வெறுங்கையோட வர்ற?"

எம்மெட் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோடரியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். வெர்னா முட்டையைத் தின்றாள். விரலெல்லாம் சிவப்பு. ஜோலீன் சொன்னதை மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மரக்கட்டையும் கொஞ்சம் இரும்பும் சேர்ந்து தன் வாழ்க்கையை முடிவு செய்வதா என்று கோபம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் ராய்ஸின் கொட்டகைக்குப் போனாள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அவன் பெஞ்சைத் துடைத்து, பாதியைக் காலி செய்து வைத்திருந்தான். வாயைத் திறக்கமாட்டேன் என்றவன் முதல் காரியமாக வாயைத் திறந்தான்.

"உனக்கு எப்படி வேணும்?"

"எப்படின்னா?"

"கனமாவா, லேசாவா? குழல் நீளமாவா? கட்டை உன் கன்னத்துல எங்க படணும்?"

வெர்னா விழித்தாள். இதையெல்லாம் அவன் ஊர்க்காரர்களிடம் கேட்பதைப் பக்கத்து அறையிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். இப்போது கேட்கிறான், அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. தனக்கு எப்படி வேண்டும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அடுத்தவர் பொருளைத் தூக்கித் தூக்கி, அதற்கு ஏற்றபடி தோள் வளைந்துவிட்டது. அழுகை வரும்போல இருந்தது, அதை இருமலாக்கினாள்.

"தெரியல," என்றாள்.

"பரவால்ல. செதுக்கச் செதுக்கத் தெரியும்." அவளுடைய முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை அளந்தான். தையல்காரன்போல மரியாதையாகத் தொட்டு, உடனே கையை எடுத்துக்கொண்டான்.

பிறகு சனிக்கிழமை தவறாமல் போனாள். கட்டையை உப்புத்தாளால் தேய்ப்பது அவள் வேலை. ராய்ஸ் இரும்பு வேலையைப் பார்த்தான். அதிகம் பேச்சில்லை. நடுவில் மான் இறைச்சி சாசேஜும் ரொட்டியும் பிஸ்கட்டும் வரும். மரத்தூள் வாசனை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று ஒத்துக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை. போகும்போதெல்லாம், துப்பாக்கிக்காகத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொள்வாள். திரும்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டாள்.

நவம்பர் நடுவில் ஒருநாள் அவள் கை நின்றது. ஏற்கெனவே வழுவழுவென்று ஆகிவிட்ட இடத்தையே அவள் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். போன சனிக்கிழமையும் அதே இடத்தைத்தான் தேய்த்தாள் என்று நினைவு வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால், ராய்ஸ் போன வாரம் குழலுக்குப் பூசிக் காயவைத்திருந்த கருப்புப் பூச்சை, சரியாக வரவில்லை என்று சுரண்டிக்கொண்டிருந்தான். அதில் ஒரு குறையும் இல்லை. வேலை தெரிந்தவன் அவன்; அது அவனுக்குத் தெரியாதா?

"இது எப்ப முடியும், ராய்ஸ்?"

அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "இந்த சீசனுக்குள்ள ஆகாது போல இருக்கு. அடுத்த வருஷம்..."

அந்த வார்த்தையோடு நிறுத்தியிருந்தாலும், தொடர்ந்திருந்தாலும் ஒன்றுதான். அவளுக்குக் காது அடைத்துவிட்டது. உப்புத்தாளைப் பெஞ்சில் வைத்தாள். கோட்டை எடுத்தாள். "சரி," என்றாள். அவன் பின்னாலேயே கதவுவரை வந்தான், ஏதோ சொன்னான், அவள் வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிட்டாள்.

நேராக டோரீனின் கடைக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததும் டோரீன் துப்பாக்கியைச் சட்டத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டாள். விவரங்களைப் பதிந்து, அரசாங்கச் சோதனை முடிந்து, பெட்டியில் போட்டுக் கொடுக்கும்போது, "வேற யாருக்கும் குடுத்திருக்க மாட்டேன், சும்மா மிரட்டுனேன்," என்றாள். அந்த நல்ல மனசு வெர்னாவை இன்னும் கோபப்படுத்தியது.

பனி விழத் தொடங்கியிருந்தது. துப்பாக்கிப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். முடிந்தது என்று உரக்கச் சொல்லிப் பார்த்தாள். எம்மெட்டுக்கு இன்றைக்கே சொல்லிவிடலாம்: ஒரு படுக்கை போதும். நிம்மதி வரும் என்று பார்த்தாள்; வந்தது பசி. காலையில் தின்றதோடு சரி. தீயணைப்பு நிலையத்தைத் தாண்டும்போது, கேட்காமல் விட்ட அவன் பேச்சு திடீரென்று காதில் விழுந்தது. கதவருகே அவன் சொன்னது. "அவசரம் என்ன, வெர்ன்?" சோம்பேறியின் பேச்சு அது, வருஷக்கணக்காகக் கேட்ட பேச்சு. ஆனால் அடுத்த வருஷம் என்றால், நடுவில் எத்தனை சனிக்கிழமை! அதைத்தான் கேட்டானா? ஒரு மனிதன் அதை இவ்வளவு மோசமாகவா கேட்பான்? ராய்ஸ் கேட்பான். கல்யாணத்துக்கே, ஜீப்பின் அடியில் படுத்துக்கொண்டுதான் கேட்டான். அப்படியென்றால் தப்பு யாருடையது? கேட்கத் தெரியாதவனுடையதா, பொறுமையாக நின்று கேட்காதவளுடையதா? வீட்டில் உட்கார்ந்து காத்துக் காத்துப் புளித்துப்போனது மட்டும் பொய்யா? ஒன்றும் பொய்யில்லை. எல்லாமே நிஜமாக இருந்தது, அதுதான் தொல்லை.

வீட்டுக்கு நேராகப் போக வேண்டும். ஹெம்லாக் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தபோதுதான், ராய்ஸ் வீட்டுப் பாதையில் திரும்பிவிட்டோம் என்று தெரிந்தது. ராய்ஸின் கொட்டகை எதிரே நின்றது. அவள் இன்ஜினை அணைக்கவில்லை.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். அவன் கண் இருக்கையிலிருந்த பெட்டிக்குப் போயிற்று.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

அவன் தலையாட்டினான். அந்தக் கம்பெனிப் பெயரைப் படித்தான். "நல்ல சரக்குதான். நேரா சுடும்."

"ம்."

"அப்ப இந்த சீசனுக்குக் கவலையில்ல."

"இல்ல."

பனி அவன் தொப்பியில் விழுந்துகொண்டிருந்தது. அவன் வண்டியின் கூரையில் கையை வைத்தான், எடுத்தான். "துப்பாக்கிதான் இருக்கே, வெர்ன். இப்ப எதுக்கு வந்தே?"

வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று தேடினாள். மறந்துவிட்ட கையுறை, பிஸ்கட் டப்பா, எதுவுமில்லை. எல்லாச் சாக்கையும் இன்று காசு கொடுத்துத் தீர்த்தாயிற்று.

"தெரியல," என்றாள். "நிஜமாவே தெரியல, ராய்ஸ்."

அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். உள்ளே போனான். கொட்டகைக் கதவு மூடிக்கொள்ளும் என்று அவள் எதிர்பார்த்து கியரில் கை வைத்தாள். அவன் ஒரு மண்வெட்டியோடு திரும்பி வந்தான், அகலமான பனிவெட்டி. தன் வண்டிக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தில், ஜனவரிவரை அவள் வண்டி நின்ற, சனிக்கிழமைகளில்கூட அவள் தவிர்த்த இடத்தில், பனியை அள்ள ஆரம்பித்தான். அவள் பக்கம் பார்க்கவே இல்லை. துடைப்பான் கண்ணாடியை வழிக்கும்போது தெரிவான், மறைவான், தெரிவான். மேலேயிருந்து பனி நிற்காமல் விழுந்தது. அவன் முன்னால் அள்ளிக்கொண்டு போக, பின்னால் வெளுத்துக்கொண்டே வந்தது. கோடிக்குப் போனதும் திரும்பி, அவன் முதலிலிருந்து அள்ளத் தொடங்கினான்.