முழங்கால் கட்டு

சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதுக்காக அல்ல, சுற்றளவுக்காக. இடுப்பில் கை வைத்து அவள் நின்றால் ஈரத்துணி வண்டி போக வழி இருக்காது.

இஸ்திரி மிஷினில் நிற்கும் ஒல்லிப் பெண்ணுக்குப் பெயர் குச்சி. பெரியக்கா போட்டிக்குப் பெயர் கொடுத்த செய்தியைக் கேட்டு முதலில் சிரித்தது அவள்தான்.

"நீந்தி, சைக்கிள் மிதிச்சு, அப்புறம் ஓடணுமாமே. அக்கா, நீ குளத்துல இறங்கினா பாதித் தண்ணி வெளிய வந்துடும்."

"நீ இறங்கினா தண்ணிக்கே தெரியாது. போடி."

சிரிப்பு அடங்கியதும் குச்சி அவள் காலைப் பார்த்தாள். "வேணாம்க்கா" என்றாள் மெதுவாக.

வேண்டித்தான் இருந்தது. புது மிஷின் வரப்போகிறது. துணியை அதுவே இழுத்துக்கொள்ளும். வண்டி தள்ளும் பெண்களில் ஒருத்தி இருந்தால் போதும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. "உடம்புல தெம்பு இருக்கறவங்க இருப்பாங்க" என்று சூப்பர்வைசர் பொதுவாகத்தான் சொன்னாள். பெரியக்காவைவிட மிகவும் சின்னவள் அவள், குரல் உயர்த்தாதவள். ஊர்ப் பெண்களுக்கான அந்தப் போட்டியில், சைக்கிள்கள் வந்து நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு. அவள் கண்ணெதிரே மூன்றையும் முடித்துக் காட்டிவிட்டால், அப்புறம் எந்த வாயால் போகச் சொல்வாள்?

கால்தான் சிக்கல். வலது முழங்கால் ஒரு வருஷமாக வீங்கிக் கிடந்தது. கழித்துப்போட்ட படுக்கை விரிப்பில் நீளமாக ஒரு துண்டு கிழித்து, காலையில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டால், சாயங்காலம் வரை முட்டி சொன்ன பேச்சைக் கேட்கும். மணிக்கட்டிலோ இடுப்பிலோ தோளிலோ அப்படி ஒரு கட்டு இல்லாத பெண் சலவைக்கூடத்தில் கிடையாது. மேலே ரப்பர் ஏப்ரன், காலில் பூட்ஸ். யார் கண்ணிலும் படாது. ஈரமும் படாது.

பயிற்சி என்று எதுவும் எடுக்கவில்லை. "நாள் பூரா ஊறின கம்பளியத் தூக்கறேன். இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்றாள். லாரி ஷெட்டில் வேலை போனதிலிருந்து வீட்டில் உலை வைத்துக்கொண்டிருக்கும் கணவர், "அதானே" என்றார். உழைப்பு உடம்பை வளர்க்கும் என்று சொல்கிறவர்கள் உழைக்காதவர்கள். அது உடம்பைத் தின்கிறது. மிச்சத்தைப் பார்த்து இவள் தெம்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை வானம் மூடிக் கிடந்தது. வழக்கம்போலக் கட்டைச் சுற்றி, வழக்கம்போல முடிச்சுப் போட்டு, மேலே கறுப்புக் கால்சட்டையை மாட்டிக்கொண்டாள். கணவர் துண்டையும் பிளாஸ்க்கையும் வீட்டுச் சாவியையும் பையில் போட்டுக்கொண்டு, முடிவுக் கோட்டில் நிற்கிறேன் என்று போனார்.

நீச்சல் குளத்தில் மற்றவர்கள் திரும்பி வரும்போது இவள் போய்க்கொண்டிருந்தாள். மூச்சு நெஞ்சைவிட்டு இறங்க மறுத்தது. பக்கச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஒருவழியாகக் கரையேறினாள். அப்போதுதான் முழங்கால் நெரிபடுவது தெரிந்தது.

நனைந்த பருத்தி இறுகும். ஈர முடிச்சை நகத்தால் அவிழ்க்க முடியாது. வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருத்திக்கும் முதல் நாளே இவள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தண்ணியில் போடு. தன் காலில் இருந்ததை மட்டும் அவள் துணி என்று நினைக்கவேயில்லை. அது அவளுக்குக் காலாகவே ஆகிவிட்டிருந்தது.

வாசல் காவல்காரரிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் ஏறினாள். நின்று அவிழ்க்கப் பார்த்தால் யாராவது பார்ப்பார்கள். மிதித்தாள். பாதி வழியில் வலி நின்றது. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள். பிறகு பார்த்தால் பாதம் பெடலில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. குனிந்து பார்த்துப் பார்த்து மிதிக்க வேண்டியிருந்தது.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் காலை ஊன்றினாள். ஊன்றக் கால் இல்லை. சைக்கிளோடு சாய்ந்தாள்.

ஓடி வந்து பிடித்தது சூப்பர்வைசர்தான். "அக்கா, பாதம் ஏன் நீலமா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. குளிரு."

முதலுதவி நர்ஸ் அதற்குள் மண்டியிட்டுக் கத்தரியை எடுத்துவிட்டாள். கால்சட்டையை வெட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்து, அதையும் வெட்டினாள். துணி விலகியதும் முழங்கால் பொங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"இப்ப விழுந்ததுல ஆயிடுச்சு" என்றாள் பெரியக்கா.

"இல்லீங்க, இது பழசு. துணி அழுத்தி அழுத்தித் தோலே காச்சுப் போயிருக்கு பாருங்க" என்றாள் நர்ஸ். யார் காதில் விழக்கூடாது என்று அவளுக்கு என்ன தெரியும்?

சூப்பர்வைசர் அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு நாலாக மடித்து வைத்தாள், கூடத்தில் மடிப்பதுபோல.

"வலியோடயா வண்டி தள்ளுனீங்க? நாளைக்கு வராதீங்கக்கா. ரெஸ்ட் எடுங்க. மேல நான் பேசிக்கறேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். இப்படித் தன்மையாகச் சொன்னால் என்ன செய்வது? கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க? போதும், விட்டுடுங்க."

"வீட்டுச் சாவி அவர்கிட்ட இருக்கு" என்றாள்.

அவர் நின்ற இடத்துக்கு ஓட்டப் பாதை ஒன்றுதான் வழி. தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தாள். ரத்தம் திரும்பி ஓடத் தொடங்கிப் பாதமெல்லாம் ஊசியாய்க் குத்தியது. தண்ணீர் கொடுத்தவர்கள் மேஜைகளைக் கவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வழியில் யாரோ கைதட்டினார்கள். விடாதீங்க, வந்தாச்சு என்றார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கணவர் முடிவுக் கோட்டைத் தாண்டியே ஓடிவந்து துண்டைப் போர்த்தினார். வெட்டுப்பட்ட கால்சட்டையை அவர் இன்னும் கவனிக்கவில்லை. முகமெல்லாம் பல்.

"முடிச்சிட்டியே! நாளைக்கு அந்தச் சூப்பர்வைசர் மூஞ்சிய நான் பாக்கணும்."

"நான் பாத்தாச்சு" என்றாள். "சாவியக் கொடு."