முற்றத்து நடுவே ஒரு கோடு

ஜெயகௌரிக்குக் கால் கடுத்தது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தவள், வீட்டுக்குள் போகாமலே மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் வழக்கம்போலப் படுத்துவிட்டது.

சுவிஸ் நகரசபை புதிதாகக் கீறிய தேர்தல் வட்டார எல்லை, இந்தக் குடியிருப்பின் முற்றத்துக்கு நடுவால் போயிருந்தது. முன்கட்டடம் ஏரிக்கரைப் பணக்காரரோடு. பின்கட்டடம் பழைய நகரத்தோடு. போன தேர்தலில் இரண்டு கட்டடத்துத் தமிழரும் சேர்ந்து வாக்களித்தும், வேட்பாளராக நின்ற ஜெயகௌரிக்கு ஆசனம் மயிரிழையில் தவறியது. இனி அந்த மயிரிழையும் இல்லை. எல்லாம் தற்செயலாம். நம்புவதற்கு இவள் என்ன பச்சைக் குழந்தையா?

வழக்குப் போடலாம் என்று காலையில் சொல்லியிருந்தாள் சட்டத்தரணி நிலோஜினி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"ஆனா ஒரு சிக்கல் அன்ரி. பதிவில தமிழர் எண்டு ஒருத்தரும் இல்லை. பாஸ்போட் எடுத்த எல்லாரும் சுவிஸ்காரர்தான். 'நாங்கள் தமிழர், சேர்ந்து வாழுற எங்களைப் பிரிச்சுப்போட்டாங்கள்' எண்டு வாக்காளர் கையெழுத்து வைக்கோணும். உங்கட ஒரு பேர் மட்டும் போதாது. நாளைக்குத்தான் கடைசி."

கையெழுத்துக்காக முதலில் போனது சிவானந்தராசா வீடு. அவர் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்.

"ஏன் தங்கச்சி வில்லங்கத்தை விலைக்கு வாங்குறாய்? உனக்கு வாக்குப் போடுறன். கையெழுத்து மட்டும் கேக்காதை."

எல்லாக் கதவும் திறந்தது. எல்லா வீட்டிலும் தேத்தண்ணி. வயிறு முட்டியதுதான் மிச்சம்.

கடைசிக் கதவு யோகாம்பாளுடையது. அவளும் தலையை ஆட்டி மறுத்தபோது ஜெயகௌரிக்குப் பொறுமை போய்விட்டது.

"நாங்கள் தமிழர் எண்டு சொல்லவும் பயமோ அக்கா?"

யோகாம்பாளின் முகம் சுருங்கியது.

"பயமில்லைப் பிள்ளை. பாஸ்போட் நேர்காணலுக்கு நீதானே பாடமாக்கித் தந்தனீ?"

அவள் நிமிர்ந்து நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டு, ஜெர்மன் மொழியில் ஒப்புவித்தாள்: நாங்கள் தனிக் கூட்டமாக வாழவில்லை. எங்களை யாரிலிருந்தும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

இரண்டு கட்டடத்துக்கும் அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தது ஜெயகௌரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில், தன் குசினிச் சாப்பாட்டு மேசையில், நாக்குப் புரளும்வரை விடவே இல்லை. அதைச் சொல்லித்தான் எல்லோரும் குடியுரிமை நேர்காணலில் தேறினார்கள்.

"ரெண்டுதரம் என்னைத் திருப்பி அனுப்பினவங்கள். இதைச் சொன்ன பிறகுதான் விட்டவங்கள். இப்ப எந்த வாயால மாத்திச் சொல்ல?"

ஜெயகௌரி பேனையைப் பைக்குள் போட்டாள். அலுப்பு உடம்பெல்லாம் இறங்கியது. இவர்களைக் கோபிக்கக்கூட அவளுக்கு வழியில்லை.

"ஒண்டும் மறக்கேல்லை, என்ன?" யோகாம்பாள் ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தாள். "சரியாத்தானே சொன்னனான்?"

"ஓம் அக்கா," என்றாள் ஜெயகௌரி. "ஒரு பிழையும் இல்லை."